முனிலட்சுமி தனக்காக எழுதிய லெட்டர்

இங்கிலாந்து தேசத்தில் ஒருநாள் காலையில் எழுந்ததும் அத்தனை பேருக்கும் இங்கிலீஷ் மறந்துபோய்விட்டது என்று வையுங்கள். ராஜா முதல் பால்காரர் வரை வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கவலையே வேண்டாம். அவர்கள் பெங்களூருக்கு ஒரு விமானம் பிடித்து, அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடியில் வழி கேட்டு, ஓசூர் சிப்காட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும். அங்கே ஒயர் ஹார்னஸ் செய்யும் கம்பெனி ஒன்றில், நாலாம் லைனின் கடைசியில், இருபத்தேழாம் நம்பர் முத்திரையோடு முனிலட்சுமி நின்றுகொண்டிருப்பாள். ஒரு தேசத்துக்கு வேண்டிய இங்கிலீஷை நின்ற இடத்திலிருந்தே அளந்து கொடுத்துவிட்டு, "அடுத்தது யாரு?" என்பாள்.

உட்கார்ந்து கொடுக்கலாமே என்று கேட்கக் கூடாது. அந்த இடத்தில் நாற்காலி கிடையாது.

ஒயர் ஹார்னஸ் என்றால் வண்டிக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு. லைனில் இருபது பேர் கை மாறி, கடைசியாக முனிலட்சுமியின் செக்கிங் போர்டுக்கு வரும். முனைகளைச் செருகினால் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு பச்சை விளக்கு எரியும். எல்லாம் எரிந்ததும் கண்ணால் ஒருமுறை தடவிப் பார்த்து, சீட்டில் முத்திரை குத்தி, நோட்டில் நேரம் எழுதி அனுப்ப வேண்டும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் இதே வேலை. பதினோரு வருடமாக இதே வேலை. இன்னும் அவள் கழுத்தில் மஞ்சள் பேட்ஜ்தான். மஞ்சள் என்றால் கான்ட்ராக்ட், நீலம் என்றால் பர்மனென்ட்.

பேரிகைப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், லைனில் தமிழ். இங்கிலீஷ் அவளிடம் நாலாவதாக வந்து ஒட்டிக்கொண்டது. பிளஸ் டூ படித்திருக்கிறாளே என்று வெளியூர் கம்பெனிகளின் புகார் மெயில்களை அவளிடம் காட்டி, 'என்னம்மா எழுதியிருக்கான்?' என்று ஆளாளுக்குக் கேட்கக் கேட்க வந்த இங்கிலீஷ் அது. அதனால் அதில் எப்போதும் ஒரு வருத்தம் கலந்திருக்கும். பிறந்தநாள் வாழ்த்து எழுதி வாங்குகிறவர்கள்கூட, கடைசி வரியில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மடித்து வைப்பார்கள்.

காலையில் பஸ் ஏறும்போதே சந்தேகங்களும் கூடவே ஏறிவிடும்.

"அக்கா, 'மை ஃபிரெண்ட் அண்ட் ஐ வென்ட்'டா, 'மை ஃபிரெண்ட் அண்ட் மீ வென்ட்'டா?"

"ஃபிரெண்டை எடுத்துட்டுப் படிச்சுப் பாரு. 'மீ வென்ட்'னு வருமா? வராதில்ல. அப்ப 'ஐ'."

"ஃபிரெண்டை எடுத்துட்டா அவ கோச்சுக்குவாளேக்கா."

"அவளை அடுத்த பஸ்ல வரச் சொல்லு."

முனிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்வாள். ராத்திரி நாலு மணி நேரத் தூக்கத்தில் விட்டுப்போனதைப் பஸ்ஸில் பிடிக்கப் பார்ப்பாள். பிடிபடாது.

கேன்டீனில் வேறு மாதிரி வரும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி லீவு லெட்டரில் ஜி.எம். சாரைப் பற்றி எழுதும் இடத்திலெல்லாம் 'தே' என்று போட்டிருந்தாள். ஓர் ஆளுக்கு 'ஹீ'தான் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஹீயா? அவ்ளோ பெரிய மனுசரை 'அவன்'னு எழுதறதா? இன்னாக்கா நீங்க, வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"அந்த பாஷைல 'அவன்'னும் கிடையாது, 'அவரு'ன்னும் கிடையாதும்மா. எல்லாரும் ஒரே பெஞ்சுதான். மரியாதைய 'சார்'ல போட்டுடு."

"'எவரிஒன்'னா எல்லாரும்தானேக்கா? எல்லாரும் வந்திருக்காங்கன்னுதானே சொல்றோம்? அதுக்கு ஏன் 'ஹேஸ்'?" என்று இன்னொருத்தி எதிர்த்த பெஞ்சிலிருந்து தொடங்கினாள்.

முனிலட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நம்ம போர்டு எப்படிக் கேக்குது? எல்லா ஒயரும் நல்லாருக்கான்னா கேக்குது? ஒவ்வொண்ணா நல்லாருக்கா, நல்லாருக்கான்னு கேட்டுக்கினு போவுது. 'எவரிஒன்' அந்த மாதிரி. கூட்டத்தைக் கேக்காது, ஒவ்வொரு ஆளா கேக்கும்."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவள் சோறுதான் ஆறிவிட்டது.

அவளுக்கு மதியம் இரண்டு மணிக்கு ரிலீவராக வருபவள் சுசித்ரா. மத்தூர்ப் பக்கம். பத்தொன்பது வயது. பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டு வந்து கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். கண் கூர்மை என்று அவளுக்கும் ஒரு முத்திரை கொடுத்திருந்தார்கள், நாற்பத்தொன்றாம் நம்பர். கண் கூர்மையான அளவுக்கு வாலும் நீளம். லைன் லீடர் ஜெகதீஷின் முதுகில் 'ரிஜெக்ட்' லேபிளை ஒட்டி, அவரை ஒரு ஷிஃப்ட் முழுக்க அப்படியே நடமாட விட்டவள் அவள்தான். சந்தேகம் கேட்பதுகூட விளையாட்டுக்குத்தான்.

"அக்கா, லைன் லீடருக்கு 'ஹீ' போடணுமா, 'இட்' போடணுமா?"

முனிலட்சுமி போர்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். "ஆளைப் பொறுத்து."

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். செக்கிங் போர்டில் நிற்பவள், முத்திரை வைத்திருக்கும் இன்னொருத்தி வந்து நிற்கும்வரை நகரக் கூடாது. முத்திரையை யாருக்கும் கடன் கொடுக்கவும் கூடாது. நாலாம் லைனில் முத்திரை வைத்திருந்தவர்கள் மூன்றே பேர்: காலைக்கு முனிலட்சுமி, மதியத்துக்கு சுசித்ரா, ராத்திரிக்கு ராசாத்தி.

மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுசித்ரா ஒரு காகிதத்தை நீட்டினாள். கோயிலில் கொடுத்த விபூதியைப் பொட்டலமாக மடிப்பதுபோல் மடித்திருந்தாள். எந்தக் காகிதத்தையும் அவள் அப்படித்தான் மடிப்பாள். வியாழக்கிழமை லீவு வேண்டும், மத்தூரில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம்.

முனிலட்சுமி சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஐந்து இடத்தில் சுழித்தாள். "'ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர்' இல்ல. 'ஐ ஹேவ்'. எத்தினி வாட்டி சொல்றது?"

"மறந்துடுதுக்கா."

"உங்க அக்காவுக்கு நிச்சயமா?"

"ஆமாங்க்கா."

முனிலட்சுமி ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வயதில் கண்ணுக்குக் கீழே அத்தனை கறுப்பு இருக்கக் கூடாது. "சரி" என்று சொல்லி, லெட்டரை முழுதாகப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். அது அத்தனை நன்றாக வந்துவிட்டது. ஜெகதீஷ் மறுகேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லைன் நிற்கும் டீ நேரத்தில், நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார்கள். மூன்று மாதமாக இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்த பர்மனென்ட் டெஸ்ட் அன்றைக்கே. மதியம் இரண்டேகால் மணி, டிரெயினிங் ஹால், நாற்பது கேள்வி, முழுக்க இங்கிலீஷ். இரண்டரைக்குக் கதவு சாத்தப்படும். முப்பத்தாறு வயது ஆகியிருக்கக் கூடாது.

முனிலட்சுமிக்கு வரும் ஏப்ரல் இருபதாம் தேதி முப்பத்தாறு. டெஸ்ட் வருடத்துக்கு ஒன்று. அவளுக்கு இருந்தது இந்த ஒரு மதியம்தான்.

தாளைப் படித்து முடித்ததும் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது தான் செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்த லெட்டர்தான். ரிலீவர் இல்லை. நேராக ஜெகதீஷிடம் போனாள்.

"ராசாத்திக்குப் போன் போட்டாச்சுக்கா. ரெண்டு மணிக்கு வந்து நின்னுடும்."

"எடுத்துச்சா?"

"எடுத்துச்சு, எடுத்துச்சு. கிளம்பிக்கினே இருக்கேன்னுச்சு."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. மதிய ஷிஃப்ட் ஆட்கள் லைனில் வந்து நின்றார்கள். காலை ஷிஃப்டில் டெஸ்ட் எழுதுகிற பெண்கள் கையில் பேனாவோடு, தலையை ஒரு தடவு தடவிக்கொண்டு, முனிலட்சுமியைத் தாண்டிப் போனார்கள். "வாங்கக்கா, பக்கத்துல எடம் போட்டு வெக்கறேன்" என்றாள் ஒருத்தி. ராசாத்தி வரவில்லை. போர்டுக்குக் கட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இரண்டு பத்துக்கு ஜெகதீஷ் வந்தார். நெற்றியைத் துடைத்தார். "சூளகிரி கிட்ட லாரி கவுந்துடுச்சாம்க்கா. ஒரே ஜாமாம். ராசாத்தி அதுல மாட்டிக்கிச்சு."

"அப்ப லைனை நிறுத்துங்க. அரை மணி நேரம்."

"எனக்கு அதுக்குப் பவர் இல்லியேக்கா." குரலைத் தாழ்த்தினார். "முத்திரைய டேபிள் மேல வெச்சுட்டுப் போங்க. யாரையாவது வெச்சு நான் பாத்துக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

முனிலட்சுமி முத்திரையைப் பார்த்தாள். ரப்பர் தேய்ந்து, இருபத்தேழில் இரண்டின் வால் பாதி போய்விட்டிருந்தது. அவள் பார்க்காத ஒரு கட்டில் அந்த எண் விழுந்து, அது ஏதோ ஒரு வண்டியில் ஏறி, அந்த வண்டியின் பிரேக் லைட் எங்கோ ஒரு ரோட்டில் எரியாமல் போனால், கம்பெனிக்கு வரும் மெயிலில் 'இருபத்தேழு' என்றுதான் இருக்கும். அந்த மெயிலையும் அவளிடம்தான் கொண்டுவந்து 'என்னம்மா எழுதியிருக்கான்?' என்று கேட்பார்கள்.

"வேணாம் தம்பி" என்றாள். அடுத்த கட்டின் முனையைச் செருகினாள்.

இரண்டேகால். இரண்டரை. பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன. நோட்டில் அவள் நேரத்தை எழுதிக்கொண்டே போனாள். எழுதும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு ராசாத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பேச மூச்சில்லை. முனிலட்சுமி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள். ஓடவில்லை. ஓடி என்ன செய்ய? டிரெயினிங் ஹால் வாசலில் எச்.ஆர். மேடம் பிரவீனா நின்றிருந்தாள். உள்ளே தாள்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க்கா இவ்ளோ லேட்டு? ரூல் நான் போட்டது இல்லீங்களே" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். "அடுத்த வருசம் பாக்கலாங்க்கா."

அடுத்த வருடம் என்ன வயது என்று முனிலட்சுமி சொல்லவில்லை.

பஸ் டிரைவர் திம்மப்பன் "பேக பன்னி, பேக பன்னி" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். முனிலட்சுமி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னாலேயே டெஸ்ட் எழுதிய பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். அவள் எழுதவில்லை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, பதினேழாவது. 'ஈச் ஆஃப் த ஒயர்ஸ்' போட்டுட்டு கோடு விட்டிருந்தான். 'இஸ்'தானே?"

"இஸ்தான்."

"பாத்தியா, நான் சொன்னேன்ல! அக்கா, 'பிட்வீன் யூ அண்ட்' வந்தா 'ஐ'யா 'மீ'யா?"

"மீ."

"ஐயோ போச்சு. அக்கா, 'நியூஸ்'? ஒண்ணா, நெறையவா?"

"ஒண்ணு."

"நாம கொடுத்தா 'லெண்ட்', வாங்கினா 'பாரோ'. அதானேக்கா?"

"அதான்."

மூக்கண்டப்பள்ளி வருவதற்குள் நாற்பது கேள்வியும் வந்துவிட்டது. ஒன்று விடாமல் வரிசையாக, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, முனிலட்சுமி நாற்பதுக்கும் பதில் சொன்னாள். ஒருத்தி துள்ளினாள், ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த டெஸ்டை முழுசாக எழுதியது அவள் ஒருத்திதான். தாள்தான் இல்லை.

வீட்டில் புருஷன் எல்லப்பன், "ஏமாயிந்தி?" என்றான் தெலுங்கில். என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு அவள் முகம் இருந்திருக்கிறது. "ஒண்ணுமில்ல, கால் வலி" என்று அவள் தமிழில் சொன்னாள். மனசு சரியில்லாவிட்டால் அவளுக்கு பாஷை மாறிவிடும்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் நின்றாள். இரண்டு மணிக்கு வந்த சுசித்ராவிடம் முத்திரை நோட்டைக் கொடுத்தாள். லைனில் மற்றவர்கள் சொல்லித்தான் சுசித்ராவுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைய ஷிஃப்டில் யார் முதுகிலும் லேபிள் ஒட்டப்படவில்லை.

சனிக்கிழமை காலை பிரவீனா மேடம் கேன்டீனுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு காகிதம்.

"ஆலோசனைப் பெட்டியில இருந்துச்சுங்க்கா. பேரு இல்ல. இங்கிலீஷ் மாதிரிதான் இருக்குது, ஆனா தலையும் புரியல, வாலும் புரியல. உங்களைப் பத்தி என்னமோ எழுதியிருக்காங்கன்னு மட்டும் தெரியுது. சரி பண்ணி எழுதிக் குடுங்க, ஜி.எம்முக்கு அனுப்பிடறேன்."

அவளைப் பற்றி வந்த மொட்டைக் கடிதம், திருத்துவதற்கு அவளிடமே வந்துவிட்டது. அந்தக் கம்பெனியில் இங்கிலீஷ் என்றால் எந்தக் காகிதமும் கடைசியில் அந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கும்.

முனிலட்சுமி காகிதத்தைக் கையில் வாங்கினாள். விபூதிப் பொட்டலத்தின் மடிப்பு அதில் இன்னும் போகவில்லை. பிரித்துப் படிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் வரியில், முனிலட்சுமி அக்காவுக்கு இங்கிலாந்தைவிட அதிகம் இங்கிலீஷ் தெரியும் என்றிருந்தது. அதற்குப் பிறகு தப்புத் தப்பாக, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: ஒரு பெண் பொய் சொல்லி லீவு எடுத்தாள். அவளுக்கு அக்காவே கிடையாது. அவளால்தான் முனிலட்சுமி அக்கா டெஸ்ட் எழுத முடியவில்லை. அவளுக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அக்காவுக்கு டெஸ்ட் கொடுங்கள்.

இதைத் திருத்தி அனுப்பினால் ஜி.எம். டெஸ்ட் கொடுக்கக்கூடும். ஆனால் வியாழக்கிழமை லீவில் இருந்த முத்திரைக்காரி யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் ஒரு நிமிடம் போதும். பொய் லெட்டர் கொடுத்த மஞ்சள் பேட்ஜைத் திங்கட்கிழமை கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

அனுப்பாவிட்டால் ஏப்ரல் இருபது.

எலுமிச்சை சாதம் காய்ந்துகொண்டிருந்தது. அவள் எத்தனையோ பேருக்கு லெட்டர் எழுதியிருக்கிறாள். லீவு, ராஜினாமா, ஹாஸ்டல் தண்ணீர் வரவில்லை, பஸ் மாற்றிக் கொடுங்கள். தனக்கென்று ஒன்று எழுதினதில்லை. எழுதலாம் என்றே தோன்றியதில்லை. இந்தத் தப்பும் தவறுமான காகிதத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். 'ஐ' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அத்தனை பேருக்கு அந்த எழுத்தைப் போட்டுக் கொடுத்தவளுக்கு, அது தானாக இருக்கும்போது ஏதோ அதிகப்பிரசங்கித்தனம் மாதிரி இருந்தது. பிறகு எழுதினாள். வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து இரண்டு ஐம்பத்தைந்து வரை நான் என் போர்டில் நின்றேன். முத்திரை உள்ள ரிலீவர் எனக்கு அனுப்பப்படவில்லை. அந்த நேரத்தில் நான் பார்த்த கட்டுகளின் நோட்டுப் பக்கம் இத்துடன் உள்ளது. எனக்கு டெஸ்ட் எழுத இன்னொரு நாள் வேண்டும். நாலே வரி. யார் பேரும் இல்லை. கையெழுத்துப் போட்டபிறகுதான் கவனித்தாள், 'வருந்துகிறோம்' என்று எங்கேயும் எழுதவில்லை.

நோட்டுப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து, பிரவீனாவிடம் கொடுத்தாள்.

"அந்தப் பெட்டி லெட்டர் என்னாச்சுங்க்கா?"

"அது விளையாட்டுக்கு எவளோ எழுதினது மேடம். திருத்த முடியாது. அத்தனையும் தப்பு."

முனிலட்சுமி கம்பெனியில் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கூப்பிட்டார்கள். அன்றைக்கு டெஸ்ட் எழுத வர முடியாத மற்ற ஷிஃப்ட் ஆட்கள் நாலு பேரோடு சேர்த்து உட்கார வைத்தார்கள். நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கினாள். எந்த இரண்டு போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அது அவளை இன்றைக்கு வரைக்கும் அரித்துக்கொண்டிருக்கிறது. நீல பேட்ஜ் ஏப்ரல் பதினாறாம் தேதி வந்தது. மாட்டிக்கொண்டு போர்டுக்குப் போனாள். நாற்காலி அப்போதும் இல்லை. பத்து மணிக்குள் ஏழு பேர் சந்தேகம் கேட்டுவிட்டார்கள்.

அன்று இரண்டு மணிக்கு சுசித்ரா ரிலீவராக வந்து நின்றாள். புது பேட்ஜைப் பார்த்து, "கலர் நல்லாருக்குக்கா" என்றாள். முனிலட்சுமி நோட்டைக் கொடுத்தாள். அதன் மேல், ஏப்ரன் பையிலிருந்து எடுத்து, விபூதிப் பொட்டலம் ஒன்றையும் வைத்தாள்.

சுசித்ரா பிரித்துப் பார்த்தாள். பக்கம் முழுக்கச் சிவப்புச் சுழி. முதல் வரியின் இங்கிலாந்து ஒரே கோட்டில் அடிபட்டிருந்தது.

"லீவு லெட்டர்ல 'ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர்'. இதுல 'ஷீ இஸ் நாட் ஹேவிங் சிஸ்டர்'. அக்கா இருந்தாலும் தப்பு, இல்லாட்டியும் தப்பு" என்றாள் முனிலட்சுமி.

சுசித்ரா காகிதத்தைத் திரும்ப மடிக்கப் பார்த்தாள்.

"உனக்கு அக்கா இல்லன்னு எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும். போன பொங்கலுக்கு, அக்கா ஒருத்தி இருந்தா நல்லாருக்கும்னு இதே எடத்துல நின்னு அழுதே."

"அப்பறம் ஏங்க்கா எழுதிக் குடுத்தீங்க?"

"நீ இங்கிலீஷைத்தானே கேட்டே. நெசத்தைக் கேக்கலியே." முனிலட்சுமி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "தூங்காத மூஞ்சி. ஒரு நாள் போயிட்டு வரட்டும்னு நெனச்சேன். கிருஷ்ணகிரி அணைல மீன் வறுவல் எப்படி இருந்துச்சு?"

"அது எப்படிக்கா..."

"ஸ்டேட்டஸ் போட்டா எனக்கு மறைச்சுட்டுப் போடணும். உன் கூட வந்தவளுங்களுக்கும் அதைச் சொல்லித் தரணும்." இரண்டடி போய்த் திரும்பினாள். "இன்னொண்ணு. கீழ சுழிச்சிருக்கேன் பாரு, எல்லா எடத்துலயும் 'ஷீ, ஷீ'ன்னு போட்டிருக்கே. அது 'ஐ' வர வேண்டிய எடம்."

வெளியே திம்மப்பன் ஹாரன் அடித்தார். அவள் போய்விட்டாள்.

இந்தப் பக்கங்களை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்கப்பட்டது. அதே பஸ்ஸில், அதே ஜன்னலோரம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். தமிழில் இருந்ததால் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை என்று, அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே பஸ் ஏறியிருந்த எழுதியவளுக்குக் கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தது.

"நான் பெங்களூரைத் தாண்டினது இல்ல, நீ இங்கிலாந்தையே கூட்டியாந்து நிறுத்தியிருக்கே" என்றாள். "நேர்ல 'நீங்க', பேப்பர்ல 'அவள்'. இங்கிலீஷ் காத்து உனக்கும் அடிச்சுடுச்சு. அதெல்லாம் போகட்டும்." கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். "இங்கயும் 'சுசித்ரா, சுசித்ரா'ன்னு யாரோ மூணாவது ஆளு மாதிரி எழுதியிருக்கே. அந்த எடத்துல என்ன வரணும்?"

"நான்தாங்க்கா."